முதல் அறை

பிப்ரவரி 3, திங்கள்

ரசாயனக் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்துவிட்டுப் போன நாட்குறிப்பு. ஜனவரி முழுக்க வெறுமையாகக் கிடந்தது. இரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர், "மனசுல வச்சுக்காம எதையாவது எழுதுங்க" என்றார். ஐம்பத்து மூன்று வயதில் தொடங்குகிறேன்.

இன்று புதிய தொகுதி எலிகள் முதல் அறைக்குப் போயின. பன்னிரண்டு. ஒவ்வொன்றின் கழுத்து நரம்பிலும் நூல் தடிமனில் ஒரு குழாய். முதல் அறையில் பெட்டிக்குள் விடுவோம். லீவரை அமுக்கினால் நீல விளக்கு எரியும், கொஞ்சம் மார்ஃபின் இரத்தத்தில் இறங்கும். ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். பிறகு இரண்டாம் அறை. அங்கே தரை வேறு, வாசனை வேறு. லீவர் இருக்கும், மார்ஃபின் வராது. அமுக்கி அமுக்கிச் சலித்து விட்டுவிடும். மறந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மறுபடி முதல் அறைக்குக் கொண்டுவந்தால், வந்த முதல் நிமிடமே லீவரிடம் போகும். இந்த ஒன்றைத்தான் பதினெட்டு வருடமாக ஆராய்கிறேன்.

குழாய் வைப்பது சௌந்தரபாண்டி. பதினான்கு வருடமாக என் டெக்னீசியன். எலி நரம்பு சேமியா போல இருக்கும்; அதற்குள் குழாயை நுழைத்து, தைத்து முடிக்க அவருக்குப் பத்து நிமிடம். இரண்டு வருடம் முன் மாட்டுத்தாவணி பக்கம் லாரி இடித்து வலது காலில் தகடு வைத்திருக்கிறார்கள். விந்தி விந்தி நடந்தாலும் கை மட்டும் அசையாது.

"மேடம், ஏழாம் நம்பரை இன்னைக்குப் பெட்டியில விட வேணாம். பயந்து கெடக்கு. நாளைக்கு வச்சுக்குவோம்" என்றார். சரி என்றேன்.

வீட்டில் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக் நாளை வருகிறாராம்.

பிப்ரவரி 12

மோட்டார் மெக்கானிக் இன்னும் வரவில்லை.

எலிகள் நன்றாகக் கற்றுவிட்டன. மணிக்கு இருபது முறை அமுக்குகின்றன. நாளை முதல் பாதி எலிகளுக்கு எங்கள் புதிய மருந்து. ஏக்கத்தைக் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு.

பிப்ரவரி 17

மூன்று எலிகள் மணிக்கு எண்பது, தொண்ணூறு முறை அமுக்குகின்றன. இரண்டாம் எலி லீவரைக் கடித்துப் பற்களில் இரத்தம். பம்ப் கோளாறாக இருக்கும்.

சௌந்தரபாண்டிக்குச் சளி. குளிர்சாதன அறையிலும் வியர்த்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். "சும்மா சளிதான் மேடம், மதியத்துக்குள்ள சரியாயிரும்" என்றார். மதியத்துக்குள் சரியாகிவிட்டது. சுறுசுறுப்பாகவே இருந்தார்.

பிப்ரவரி 19

பம்ப் சரியாக இருக்கிறது. குழாய்களும் சரி.

பிப்ரவரி 24

இப்போது எல்லா எலிகளும் குறைத்துவிட்டன. மணிக்கு ஐந்து, ஆறு. புதிய மருந்து வேலை செய்கிறது என்று இயக்குநர் ஜெயசீலனிடம் சொன்னேன். மகிழ்ந்து போனார். மே மாதம் டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது; இதை முதலில் காட்டலாம் என்றார்.

மருந்து கொடுக்காத ஆறு எலிகளும் குறைத்துவிட்டன என்பதை அவரிடம் சொல்லவில்லை. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்.

பிப்ரவரி 26

பார்க்க வேண்டிய தேவை இல்லை. கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால் எலி முதலில் வெறிபிடித்தது போல் அமுக்கும், பிறகு ஓயும். முதுகலை மாணவிகளுக்கு முதல் வகுப்பில் சொல்வது.

மாலை எல்லோரும் போனபின், அலமாரியிலிருந்த மார்ஃபின் குப்பியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஓர் எலிக்கு ஊசி போட்டேன். அரை மணி நேரம் கழித்து அதன் வாலைச் சுடுநீரில் வைத்தேன். மார்ஃபின் ஏறிய எலி பத்து விநாடியானாலும் வாலை எடுக்காது. இது மூன்றாவது விநாடியில் இழுத்துக்கொண்டது. இன்னொரு எலி. மூன்றாவது எலி. எல்லாம் அப்படியே.

குப்பியில் இருப்பது உப்பு நீர்.

அலமாரிச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம்.

பிப்ரவரி 27

காலையில் சௌந்தரபாண்டியை என் அறைக்குக் கூப்பிட்டேன். மேசைமேல் குப்பியை வைத்தேன். அவர் உட்காரவில்லை. ஒன்றையும் மறுக்கவும் இல்லை.

"எப்ப இருந்து?"

"தீபாவளிக்கு முன்னாடி இருந்து மேடம். மொதல்ல வாரத்துக்கு ஒருக்கா. தண்ணி கலந்து வச்சேன். இப்பத்தான் முழுசா…"

விபத்துக்குப் பின் வலி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எட்டு மாதம் கழித்து டாக்டர் நிறுத்தியிருக்கிறார். அவரால் நிறுத்த முடியவில்லை. வெளியில் யாரிடமோ வாங்கியிருக்கிறார். அவன் பிடிபட்டுவிட்டான்.

"கால் இன்னும் அவ்வளவு வலிக்குதா பாண்டி? என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வலி போயி ஒரு வருசமாச்சு மேடம்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முழுக்கைச் சட்டை. ஒரு வருடமாக முழுக்கைச் சட்டைதான் போடுகிறார். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போதை எப்படிப் பிடிக்கிறது என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறேன்.

"அந்த ரெண்டாம் நம்பர் எலி பல்லுல ரத்தம் வந்துச்சுல்ல மேடம். அன்னைக்கே சொல்லிரலாம்னு நெனச்சேன். வாய் வரல."

விதிப்படி, மார்ஃபின் காணாமல் போனால் உடனே உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கும் போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும். அவர் சிறைக்குப் போவார். மகள் நர்சிங் மூன்றாம் ஆண்டு. ஆகவே பதிவேட்டில் 'நான்கு குப்பிகள் கைதவறி உடைந்தன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் குடும்பத்துக்காகத்தான்.

உரிமம் ரத்தானால் ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள் என்பதும் உண்மை. ஆனால் காரணம் அது இல்லை.

பிப்ரவரி 28

சௌந்தரபாண்டியைத் தேனி அருகில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன். அங்கே இருக்கும் டாக்டரை எனக்குத் தெரியும். கால் சிகிச்சை என்று மருத்துவ விடுப்பு எழுதி வாங்கிக்கொண்டேன். அவர் மனைவி இந்திராணி கூடப் போனாள். இயக்குநரிடம் பம்ப் பழுது, முடிவுகள் செல்லாது, மறுபடி தொடங்க வேண்டும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

அலமாரிக்குப் புதுப் பூட்டு. ஒரே சாவி, என் கைப்பையில்.

மார்ச் 4

மோட்டார் சரியானது. தொட்டியைச் சுத்தம் செய்ய ஆள் கிடைக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

தேனிக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். முதல் பத்து நாள் மிக மோசமாக இருந்ததாம். வாந்தி, பேதி, சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது தேறியிருக்கிறார். தோட்டத்தில் அவரைப் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அரைக்கைச் சட்டை. தழும்புகளை மறைக்கவில்லை.

இந்திராணி மரத்தடிக்கு என்னைத் தனியாக அழைத்துப் போனாள். ஒல்லியான, அழுத்தமான பெண். செல்லூரில் துணி தைத்துக் கொடுப்பவள்.

"இனிமே நல்லா இருப்பாரா மேடம்? நீங்க இதைத்தான படிக்கிறீங்க."

எலிகளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு அறைகளைப் பற்றிச் சொன்னேன். இங்கே அவர் நன்றாக இருப்பது இரண்டாம் அறை. பழைய இடம், பழைய மேசை, பழைய வாசனை எதுவும் ஒரு வருடத்துக்காவது கண்ணில் படக்கூடாது என்றேன். இன்னொன்றும் சொன்னேன். இப்போது அவர் உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், முன்பு எடுத்த அளவை ஒரே ஒரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடும்.

அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், மருந்துச் சீட்டை மனப்பாடம் செய்வது போல.

"அப்ப வேலைக்கு?"

"வேற பிரிவுக்கு மாத்தித் தரச் சொல்றேன். நூலகத்துக்கு."

மார்ச் 27

நூலகத்துக்கு மாற்றுவது பற்றி இயக்குநரிடம் பேச வேண்டும். இன்று நேரமில்லை.

ஏப்ரல் 7

புதிய தொகுதி எலிகளுக்கு நானே குழாய் வைக்கத் தொடங்கினேன். கடைசியாக இதைச் செய்து பன்னிரண்டு வருடம். கண்ணாடி மாற்றியும் நரம்பு தெரியவில்லை. இரண்டு எலிகள் மேசையிலேயே செத்தன.

ஏப்ரல் 9

இன்னும் மூன்று.

ஏப்ரல் 11

சௌந்தரபாண்டி நேற்று வீடு திரும்பிவிட்டாராம். இந்திராணி போன் செய்தாள். குரலில் தெம்பு இருந்தது. மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தார்களாம்.

எலிகளை வாங்கும் இடத்தில், ஏற்கெனவே குழாய் வைத்த எலிகள் விலைக்குக் கிடைக்குமா என்று விசாரித்தேன். ஜூலையில்தானாம்.

ஏப்ரல் 17

இயக்குநர் கூப்பிட்டார். குழு மே 20 வருகிறது. காட்ட ஒன்றும் இல்லையென்றால் இந்தப் பிரிவை அடுத்த ஆண்டு தொடர்வது கஷ்டம் என்றார்.

"உங்க பாண்டி எங்க? கால் சரியாகலையா? ரெண்டு மணி நேரம் வந்து செஞ்சு குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க டாக்டர். உக்காந்து செய்யிற வேலைதானே."

முடியாது என்றேன். ஏன் என்றார். காரணம் சொல்லவில்லை.

ஏப்ரல் 21

இன்று இன்னும் ஒன்று. மொத்தம் ஆறு. கையில் வெதுவெதுப்பு அடங்கும்வரை வைத்துக்கொண்டிருந்தேன்.

குழாய் வைக்கும் அறை வேறு, மார்ஃபின் அலமாரி இருக்கும் முதல் அறை வேறு. நடுவில் ஒரு கதவு. கதவைச் சாத்தி வைக்கலாம். நான் கூடவே இருப்பேன். எலிக்குச் சொல்வதை அப்படியே மனிதனுக்குச் சொல்வது அறிவியல் ஆகாது. மனிதனுக்கு யோசனை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது.

ஏப்ரல் 23

சௌந்தரபாண்டிக்குப் போன் செய்தேன், சும்மா நலம் விசாரிக்க. எடுக்கவில்லை.

ஏப்ரல் 24

போன் செய்தேன். எடுக்கவில்லை. வெளியே போயிருப்பார்.

ஏப்ரல் 25

எடுத்தார். எட்டே எட்டு எலி என்றேன். "வர்றேன் மேடம்" என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

காலை பத்து மணிக்கு வந்தார். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, நெற்றியில் விபூதி. காவலாளி கைகொடுத்தார். எட்டு எலி, எட்டுக் குழாய், ஒன்றரை மணி நேரம். ஒரு சொட்டு இரத்தம் கூடுதலாகச் சிந்தவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். பதினான்கு வருடத்தில் இந்தக் கை இல்லாமல் நான் எழுதிய கட்டுரை ஒன்றுகூட இல்லை.

கடைசி எலிக்குத் தையல் போடும்போது, "பூட்டு மாத்தீட்டீங்களா மேடம்" என்றார். ஆமாம் என்றேன். "நல்லது" என்றார். தலை நிமிரவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் கூப்பிட்டார். குழுவின் நிகழ்ச்சி நிரல். இருபது நிமிடத்தில் திரும்பிவிட்டேன். மேசையெல்லாம் துடைத்து, கருவிகளைக் கொதிநீரில் போட்டு வைத்திருந்தார். "கெளம்புறேன் மேடம்" என்றார். வியர்த்திருந்தது. வெயில்.

கைப்பையை எடுத்துக்கொண்டுதான் இயக்குநர் அறைக்குப் போனேன் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 29

காலை ஏழே முக்காலுக்கு இந்திராணியின் போன். குளியலறைக் கதவை உடைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 30

அலமாரியில் இரண்டு குப்பிகள் குறைகின்றன. கைப்பை குழாய் வைக்கும் அறையில், நாற்காலி முதுகில் மாட்டியிருந்தது.

மே 2

தத்தனேரி மயானத்தில் எரித்தார்கள். நான் வாசலுக்கு வெளியே காரிலேயே இருந்தேன். உள்ளே போகவில்லை.

மே 5

பிரேதப் பரிசோதனையில் மார்ஃபின் என்று வந்துவிட்டது. இயக்குநர் கதவைச் சாத்தினார். பதிவேட்டு விவகாரத்தை அவரிடம் சொன்னேன், எல்லாவற்றையும். நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மருத்துவ விடுப்புல இருக்கிற ஆளை நாம கூப்பிட்டோம்னு போனா ரெண்டு பேரும் மாட்டுவோம் டாக்டர். தன் சாமான்களை எடுக்கத் தானா வந்தார். நீங்க இல்லாத நேரத்துல திருடிட்டார். அவ்வளவுதான். அவருக்கு இனி இதனால என்ன ஆகப்போகுது?"

வாக்குமூலத்தை அவரே வரிவரியாகச் சொல்லித் தட்டச்சு செய்ய வைத்தார். 'ஊழியர் தன் உடைமைகளை எடுத்துச் செல்லத் தாமாகவே வந்தார்.' கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை, வேறு பேனா கொடுத்தார்.

மே 11

தொட்டி சுத்தம் செய்தார்கள்.

மே 20

குழு வந்தது. மூன்று பேர். எட்டு எலிகளும் நன்றாக லீவரைக் கற்றிருக்கின்றன. ஒரு குழாய்கூட அடைக்கவில்லை. "அறுவை மிக நேர்த்தி, யார் செய்தது?" என்று ஒருவர் கேட்டார். இயக்குநர் என்னைப் பார்த்தார். எங்கள் டெக்னீசியன் என்றேன். பாராட்டைத் தெரிவிக்கச் சொன்னார்.

பிரிவு இன்னும் மூன்று ஆண்டு தொடரும்.

ஜூன் 3

இரத்த அழுத்த மாத்திரையை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள்.

ஜூன் 15, ஞாயிறு

இந்திராணி வரச்சொல்லியிருந்தாள். செல்லூரில் மாடி வீடு. தையல் இயந்திரத்தின் மேல் அவர் படம், மாலை போட்டு. மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

இந்திராணி ஒரு காகிதத்தை நீட்டினாள். மகளுக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டிருக்கிறார்கள். மறுத்துவிட்டார்கள். விடுப்பில் இருந்தவர் தாமாகவே வளாகத்துக்குள் வந்து திருடியதால், என்று காரணம். என் வாக்குமூலத்தின் தேதி போட்டிருந்தது.

"திருடுனாருன்னு போட்டிருக்கு. எடுத்தாரு, அது நெசம். அதுக்கு நான் சண்டைக்கு வரல. தானா வந்தாருன்னு போட்டிருக்கே மேடம்."

காகிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"மொத நாளு உங்க போன் அடிக்கிது. பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. எடுக்கல. ரெண்டாம் நாளும் அடிக்கிது. போனை அரிசி டப்பாக்குள்ள போட்டு மூடிட்டாரு. நான் போகக்கூடாது இந்திரா, மேடமே சொல்லியிருக்காங்கங்கிறாரு. மூணாவது நாளு நான்தான் எடுத்துக் குடுத்தேன். மேடமே கூப்பிடுறாங்கன்னா விவரம் தெரியாமயா கூப்பிடுவாங்க, போயிட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன்."

சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அழவில்லை.

"திங்கக்கிழம மூணு சட்டை மாத்திப் பாத்தாரு. என்னைய இன்னும் வேணாம்னு சொல்லல பாத்தியான்னாரு."

கீழே தெருவில் யாரோ குழாயடியில் குடத்தை வைத்தார்கள். எனக்குச் சொல்ல ஒன்று மட்டும் இருந்தது.

"நீ சொன்னதால அவர் வரல இந்திராணி. நான் கூப்பிட்டதால வந்தார். உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சே கூப்பிட்டேன்."

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டாள். "இத அங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

ஜூன் 17

எழுத உட்கார்ந்தேன். 'நிர்வாகச் சூழ்நிலை காரணமாக அழைக்க நேர்ந்தது' என்று வந்தது. கிழித்துப் போட்டேன்.

ஜூன் 18

'குழுவின் வருகையை முன்னிட்டு' என்று வந்தது. கிழித்தேன்.

பிப்ரவரி 27ஆம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். 'அவர் குடும்பத்துக்காகத்தான்' என்று எழுதியிருக்கிறேன். ஆய்வுக்கூடத்துக்காக. அன்றே உரிய இடத்தில் சொல்லியிருந்தால் அவர் சிறையில் இருந்திருப்பார். உயிரோடு இருந்திருப்பார்.

ஜூன் 20

எழுதி முடித்தேன். ஒன்றரைப் பக்கம்.

இயக்குநர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்க பதினெட்டு வருஷம் போயிரும். கிரிமினல் வழக்கு வரும். யோசிச்சுக்குங்க" என்றார். பேச்சில் கோபம் இல்லை. பயந்திருந்தார்.

தல்லாகுளம் தபால் நிலையத்தில் மூன்று பதிவுத் தபால். ஒன்று உரிம அலுவலகத்துக்கு, ஒன்று போலீசுக்கு, ஒன்று நிறுவனத்துக்கு. வரிசையில் முக்கால் மணி நேரம். திரும்பும்போது காய்கறி வாங்கினேன். சமைக்கவில்லை.

ஜூலை 8

மூன்று அதிகாரிகள் வந்து அலமாரிக்கும் இரண்டு அறைகளுக்கும் சீல் வைத்தார்கள். எனக்குப் பணியிடை நீக்கம். இயக்குநர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். எலிகளை என்ன செய்வது என்று கேட்டார்கள். விதிப்படி முடித்துவிட வேண்டும். ஆள் இல்லை. நானே செய்தேன். எட்டு. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவர் தையல் ஆறி, முடி முளைத்திருந்தது.

ஜூலை 11

போலீஸ் நிலையத்தில் நான்கு மணி நேரம். இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே பேசினார். ஜாமீனுக்கு வக்கீல் பார்க்கச் சொன்னார். மகளின் மனுவை மறுபடி பரிசீலிப்பதாக நிறுவனம் கடிதம் அனுப்பியிருக்கிறதாம். பரிசீலிப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனாலும்.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் இந்திராணி போன் செய்தாள்.

"எழுதிக் குடுத்தீங்களாம்ல."

"ஆமா."

"என்ன எழுதினீங்கன்னு படிச்சுக் காட்டுவீங்களா? பாப்பா படிக்க மாட்டேங்கிறா."

நகலை எடுத்து வந்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மார்ஃபின், பதிவேடு, உடைந்ததாக எழுதிய பொய் எல்லாம் படித்தேன். இயந்திரம் நிற்கவில்லை. பிறகு, 'அவர் வர மறுத்தார். இரண்டு நாட்கள் என் அழைப்பை ஏற்கவில்லை. வந்தால் அவர் உயிருக்கு ஆபத்து என்பதை அறிந்த நான், மூன்றாம் முறையும் அழைத்தேன்' என்று படித்தேன்.

இயந்திரம் நின்றது.

"அந்த வரிய இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.

"மெதுவா."

மெதுவாகப் படித்தேன். முடித்த பின்னும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. நன்றி என்றோ, மன்னித்தேன் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "சரி" என்றாள். "ஒரு பிரதி குடுத்து விடுங்க. பாப்பா என்னைக்காவது படிப்பா."